காப்புப் பருவத்துக்கு முன்

பிள்ளைத்தமிழ் குழந்தை பிறந்த அன்று தொடங்குவதில்லை. இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ காப்புப் பருவத்தோடு தொடங்குகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை. பிறகு தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போய், கடைசி மூன்று பருவங்களில் ஆண்பாலுக்குச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் என்றும், பெண்பாலுக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் என்றும் பிரிகிறது. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் பிறந்த முதல் சில வாரங்கள் பாட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. இதை வகுப்பில் நடத்தும்போது கொல்லிமலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "அந்த ரெண்டு மாசம் பிள்ளை எங்கம்மா இருக்கும்?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது முனைவர் பட்ட ஆய்வுக்கே உரிய கேள்வியாகப் பட்டது. பிள்ளை தங்குமா என்று தெரிந்த பிறகே பாடத் தொடங்கிய ஒரு சமூகத்தின் எச்சரிக்கை அந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. காப்பு என்ற சொல்லே அதைத்தானே சொல்கிறது.

இதற்கு நேரெதிராக, பிறந்த கணத்தில் தொடங்கும் பிரதி ஒன்று உண்டு. உணவுப்பாதையில் பிறவிக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அது. 74 நாடுகள், 264 மருத்துவமனைகள், 3849 குழந்தைகள். 2018 அக்டோபருக்கும் 2019 ஏப்ரலுக்கும் இடையில் சிகிச்சைக்கு வந்தவர்கள். உணவுக்குழாய் பாதியில் முடிந்துபோன குழந்தை, குடல் இடையில் அறுந்த குழந்தை, வயிற்றுச் சுவரின் திறப்பு வழியே குடல் வெளியே கிடக்கும் குழந்தை, தொப்புள்கொடிப் பைக்குள் குடலோடு பிறந்த குழந்தை, உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் மார்புக்குள் ஏறிய குழந்தை, மலவாய் இல்லாத குழந்தை, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் வயிறு ஊதும் குழந்தை என ஏழு வகை. அறிக்கையின் முதன்மையான அளவுகோல் மருத்துவமனைக்குள் நிகழ்ந்த மரணம். பணக்கார நாடுகளில் 896 பேரில் 50 குழந்தைகள் இறந்தார்கள், நூற்றுக்கு 5.6. இந்தியாவும் அடங்கும் நடுத்தர வருமான நாடுகளில் 2860 பேரில் 583, நூற்றுக்கு 20.4. ஏழை நாடுகளில் 93 பேரில் 37, நூற்றுக்கு 39.8. குடல் வெளியே கிடக்கும் குழந்தைகளை மட்டும் எடுத்தால் வேறுபாடு இன்னும் கூசவைக்கிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 1.4 பேர் இறக்கிறார்கள். ஏழை நாடுகளில் 90 பேர்.

இந்த எண்களை நான் குறைத்துப் பேசவரவில்லை. எண்ணப்படாத குழந்தைக்கு வென்டிலேட்டர் வராது. நரம்பு வழி ஊட்டம் தேவைப்பட்டபோது கிடைக்காததும், வென்டிலேட்டர் இல்லாததும், வந்து சேரும்போதே கிருமி இரத்தத்தில் பரவியிருந்ததும் மரணத்தோடு பிணைந்திருந்தன என்று அந்த அறிக்கைதான் நிறுவியது. விதியென்று சொல்லிக்கொண்டிருந்ததை விநியோகப் பிரச்சினை என்று காட்டியது பெரிய காரியம். ஆனால் ஒரு பிரதியை அது எங்கே முடிகிறது என்று கேட்காமல் படிக்க முடியாது. இந்த அறிக்கை மருத்துவமனை வாசலில் முடிகிறது. பிள்ளைத்தமிழோ தங்கிய பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. அறுவை முடிந்து உயிரோடு வீடு திரும்பும் குழந்தை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறும் பெண்ணும் சேர்ந்து விழுகிறாள்.

மலை என்று நான் சொல்வது உருவகம் இல்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மிளகும் மரவள்ளியும் காப்பியும் கீழே இறங்கும் அதே சாலையில்தான் வயிறு ஊதிய குழந்தையும் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. ஆகவே வீட்டுப் பிரசவம் என்ற பழைய காரணத்தை இனி நீட்ட முடியாது. குழந்தை செவிலியரின் கையில்தான் பிறக்கிறது. பிறந்த பிறகு யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள், எத்தனை மணி நேரத்தில் பார்த்தார்கள் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். உணவுக்குழாய் அடைபட்ட குழந்தையின் வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருக்கும். மெல்லிய ரப்பர் குழாயை வாய்வழியே விட்டால் பத்து சென்டிமீட்டர் வாக்கில் நின்றுவிடும். குடல் அடைபட்டால் வாந்தி பச்சையாக வரும். முதல் காட்டுப்பீ ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் வராவிட்டால் சந்தேகப்பட வேண்டும். வெளியே கிடக்கும் குடலைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் மூடி, குழந்தையைக் கதகதப்பாக வைத்து அனுப்பினாலே பாதி வழி கடந்த மாதிரி. அதற்குப் பிறகு வேண்டியது குழந்தைகளுக்கான அறுவை நிபுணர். அவர் மலையில் இல்லை. சேலத்திலோ அதற்கப்பாலோ இருக்கிறார்.

இடையில் வீட்டுக்குள் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். கிரகணத்தன்று கர்ப்பிணி எதையாவது நறுக்கினாளா? சேனைத் தண்ணி வைத்தது யார்? சேனை வைத்தவளின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பும் ஊர்களில், அந்தச் சர்க்கரைத் தண்ணி புரையேறி நுரையாக வந்தால் வைத்தவளுக்கும் பெற்றவளுக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் மருத்துவம் சுட்டவில்லை. குடல் வெளியே வரும் கோளாறு இருபது வயதுக்குட்பட்ட தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுவது மட்டும் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அதைக்கூட "சின்ன வயசுல பெத்துக்கிட்டா" என்று அவள்மேலேயே திருப்பிவிட நம் ஆட்களுக்கு நேரமாகாது. அவளை அந்த வயதில் கட்டிக்கொடுத்தவர்கள் விசாரணைக்குள் வரமாட்டார்கள்.

சங்க இலக்கியத்தில் கொல்லிமலை ஒரு பெண்ணுடலால்தான் பெயர் பெற்றது. தெய்வம் செய்துவைத்த கொல்லிப்பாவை. காற்றடித்தாலும் இடி இடித்தாலும் நிலமே அதிர்ந்தாலும் வடிவம் கெடாதவள் என்று நற்றிணையில் பரணர் பாடுகிறார். தலைவியின் அழகுக்கு அவளே உவமை. ஓரியின் வில்லையும் கொடையையும் பாடிய அளவுக்கு இந்தப் பாவையையும் நம் உரைகாரர்களும் பேராசிரியர்களும் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அவளிடம் ஒரே ஒரு கேள்வி உண்டு. அந்த உடல் உண்ணுமா, கழிக்குமா? உண்ணாத, கழிக்காத, சிதையாத பெண்ணுடலை அழகின் அளவுகோலாக வைத்துக்கொண்ட மரபு, வயிற்றில் துளையோடு உயிர் பிழைத்த ஒரு பெண் குழந்தையை எந்த உவமையில் வைக்கும்?

அதே மலையைத் தமதென்று உரிமை கொண்டாடிய சேரர் குடியில் கணைக்கால் இரும்பொறை பாடியதாகப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு இருக்கிறது. இறந்து பிறந்த குழந்தையையும், உருவமற்ற சதையாகப் பிறந்ததையும்கூட வாளால் கீறியே அடக்கம் செய்யும் மறக்குடி வழக்கத்தை அது நினைவுகூர்கிறது. சிறையில் தண்ணீர் கேட்டு வாங்க நேர்ந்த தன் மானத்தை அளக்க அரசனுக்கு அந்தக் குழந்தை ஓர் ஒப்பீடு. இந்தப் பாட்டின் மானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சதையைப் பெற்றவள் எந்த அறையில் படுத்திருந்தாள் என்று பாட்டு சொல்லவில்லை, உரையும் கேட்கவில்லை. குறையோடு பிறந்த குழந்தை தமிழ்ச் செவ்வியல் பிரதிக்குள் நுழைவதே ஓர் ஆணின் வீரத்துக்கு அடிக்குறிப்பாகத்தான்.

நவீன எழுத்துக்கு வருவோம். குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலை இந்தத் தொகுப்பின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி என்று ஒரு தலைமுறையே உடலின் சொற்களை மீட்டெடுத்தது. நான் கவிதை எழுதவந்ததே அவர்கள் திறந்த வழியில். ஆனால் மீட்கப்பட்ட உடலுக்கு ஒரு வரைபடம் உண்டு. முலை, யோனி, கருப்பை, குருதி. வேட்கையும் தாய்மையும் வலியும் குடியிருக்கும் இடங்கள். மலவாய் அந்த வரைபடத்தில் இல்லை. பீயை எழுதியவர்கள் உண்டு; நாமக்கல் மண்ணின் பெருமாள்முருகன் 'பீக்கதைகள்' என்றே ஒரு தொகுதி தந்திருக்கிறார். மலத்தை அள்ளவைத்த சாதியைப் பற்றித் தலித் எழுத்து பேசியிருக்கிறது. பெண்ணுடல் அரசியல் பேசியவர்களோ இடுப்புக்குக் கீழே முன்பக்கத்தோடு நின்றுவிட்டோம். இதைக் கவிதையின் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் நான் இவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டேன். சொல் இல்லாத இடத்தைக் கண்ணும் பார்ப்பதில்லை. அங்கேதான் பெண் குழந்தைகள் தவறிப்போகிறார்கள்.

மலவாய்க் கோளாறு ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைக்குப் பெரும்பாலும் வெளியே வழியே இருக்காது, அல்லது மலப்பாதை சிறுநீர்க் குழாயில் போய்ச் சேர்ந்திருக்கும். வயிறு ஊதும், குழந்தை வீறிடும், ஊரே கூடும். பெண் குழந்தைக்கு மிகுதியாகக் காணப்படும் வகை வேறு. மலக்குடல் யோனியின் வாசலையொட்டி ஒரு சிறு துளையாகத் திறந்திருக்கும். பால் குடிக்கும் குழந்தையின் இளகிய மலம் அந்தத் துளை வழியாகவே வந்துவிடும். துணி நனைந்திருக்கிறது, மலம் போயிற்று, ஏட்டில் ஒரு டிக். கோளாற்றைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் தொடைகளை விரித்து, இதழ்களை விலக்கி, வெளிச்சத்தில் எத்தனை வாசல் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். சிறுநீருக்கு ஒன்று, யோனிக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாசல் இருந்தால் அது இன்னும் சிக்கலான வகை. உடனே கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் கெடும். ஒரு நிமிட வேலை. ஆனால் குளிப்பாட்டும் பாட்டியும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை, தடவிக் கழுவுகிறாள். தாய்க்கு அந்த இடத்துக்கு வைத்துச் சொல்லச் சொல்லே இல்லை. "அடியில", "அந்தப் பக்கம்". செவிலியரிடம் கேட்க நினைத்தாலும் எப்படிக் கேட்பாள்?

ஆறாம் மாதம் கூழோ களியோ சாமைச் சோறோ ஊட்டத் தொடங்கும்போது மலம் இறுகுகிறது. சிறு துளை போதவில்லை. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்கிறார்கள். சில பெண்கள் இப்படியே பள்ளி வயதுவரை வந்துவிடுகிறார்கள். உயிர் போகவில்லை என்பதால் எந்த மரணக் கணக்கிலும் இவர்கள் இல்லை. தாமதம் பெண்பாலுக்கே உரிய நோயாக இருப்பதை மருத்துவ நூல்கள் உடற்கூறு என்று விளக்கும். உடற்கூறு பாதிதான். மீதிப் பாதி நம் வெட்கம்.

அரசின் பட்டியலிலும் இந்த வெட்கத்தின் நிழலைப் பார்க்கிறேன். குழந்தைகளின் பிறவிக் கோளாறுகளைத் தேடிக் கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம், ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம். முப்பது நிலைகள் கொண்ட அதன் தேசிய வழிகாட்டிப் பட்டியலில் பிறவிக் கோளாறு என்ற தலைப்பில் ஒன்பது இருந்தன: நரம்புக்குழாய்க் கோளாறு, டவுன் நோய்க்குறி, பிளவுபட்ட உதடும் அண்ணமும், வளைபாதம், இடுப்பு மூட்டு விலகல், பிறவிக் கண்புரை, பிறவிச் செவிடு, பிறவி இதய நோய், குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். முகம், கால், கண், காது, இதயம். நல்ல பட்டியல், பலருக்கு வாழ்வளித்த பட்டியல். ஆனால் வாயிலிருந்து மலவாய்வரை நீளும் குழாய் அதில் இல்லை. மறுநாளைக்குள் கண்டுபிடிக்க வேண்டிய கோளாறுகள் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்டி அனுப்பும் ஒரு திட்டத்துக்குப் பொருந்தாது என்று நிர்வாக விளக்கம் சொல்லலாம். அதே திட்டம் பிரசவ அறையிலேயே குழந்தையைப் பரிசோதிக்கச் சொல்கிறதே.

அறுவைச் சிகிச்சையின் கதையும் பார்வையின் கதைதான். மலவாய்க் கோளாற்றுக்கு முன்பு செய்யப்பட்ட அறுவைகளில் உள்ளே இருக்கும் தசைகளை முழுதாகக் காணாமல், கையுணர்வை நம்பி மலக்குடலை இழுத்துவிட வேண்டியிருந்தது. 1980இல் மெக்சிகோவில் ஆல்பெர்ட்டோ பேன்யா பின்புறத்தின் நடுக்கோட்டில் கீறி எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். பீட்டர் டிவ்ரீஸும் அவரும் 1982இல் அதை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் செய்யப்படுவது அந்த வழிமுறையை ஒட்டியே. நடுக்கோட்டில் முக்கியமான நரம்பு எதுவும் குறுக்கிடுவதில்லை என்று துணிந்து பார்த்ததுதான் அதன் புதுமை.

ஆனால் பல குழந்தைகளுக்கு அது ஒரே அறுவையில் முடிவதில்லை. முதலில் வயிற்றின் இடப்பக்கம் குடலை வெளியே திறந்துவிடும் கொலாஸ்டமி. சில மாதம் கழித்துப் புதிய மலவாய் அமைக்கும் அறுவை. அது ஆறி விரிந்தபின் வயிற்றுத் திறப்பை மூடும் மூன்றாவது அறுவை. பணத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். நாட்களுக்கு உதவ அட்டை கிடையாது.

அந்த நாட்கள் எப்படி இருக்கும்? கைக்குழந்தையின் வயிற்றில் ஒட்டும் பை விலை கூடியது, வியர்வையில் கழன்றுவிடும், மலைக்கடையில் கிடைக்காது. ஆகவே பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக் கட்டுகிறார்கள். நனைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தோல் வெந்து புண்ணாகும். பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்தின் செங்கீரை எப்படி ஆடுவது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆட வேண்டும். வயிறு தரையை நோக்கும். குடல் வெளியே திறந்திருக்கும் குழந்தை அந்த மாதத்தில்தான் குப்புற விழப் பழகுகிறது. சிவந்த சதை பாயில் உரசுகிறது. தாய் ஒவ்வொரு முறையும் திருப்பிப்போடுகிறாள். இந்தப் பருவத்துக்கு யார் பாட்டு எழுதினோம்?

புதிய மலவாய் சுருங்கிவிடாமல் இருக்க, அறுவை முடிந்த இரண்டு வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை ஓர் உலோகக் கம்பியை, டைலேட்டரை, உள்ளே விட்டு விரிக்கச் சொல்வார்கள். அளவு கூடிக்கொண்டே போகும். மாதக்கணக்கில். இது எல்லாக் குழந்தைக்கும் தேவைதானா என்று அறுவை நிபுணர்களே இப்போது விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் முடியும்வரை கம்பியைப் பிடிக்கும் கை பெரும்பாலும் தாயினுடையது. கத்தும் குழந்தையின் கால்களை ஒருத்தி பிடித்துக்கொள்ள இன்னொருத்தி செய்ய வேண்டும். மாமியாரோ மூத்த மகளோ. "பெற்றோர் வீட்டில் செய்வர்" என்று நூல்கள் எழுதும் வாக்கியத்தில் 'பெற்றோர்' என்ற பொதுச்சொல் எவ்வளவு பெரிய பொய்! மலம் துடைப்பதைச் சாதியின் வேலையாகப் பிரித்த சமூகம் வீட்டுக்குள் அதைப் பாலின் வேலையாகப் பிரித்துவைத்திருக்கிறது. மரவள்ளி பிடுங்கும் கூலியை அவள் விடுகிறாள் என்பது எந்த மருத்துவச் செலவுக் கணக்கிலும் ஏறாது.

மருத்துவ அறிக்கைகளில் ஒரு தொடர் வரும். தமிழில் சொன்னால், 'தொடர் கவனிப்பிலிருந்து தொலைந்துபோனவர்கள்'. யாருடைய கண்ணுக்குத் தொலைந்தார்கள்? அந்தப் பெண் இருக்குமிடம் அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். முதல் பேருந்தைப் பிடித்து, வளைவுகளில் வாந்தி எடுத்து, மாறி மாறி வண்டி ஏறி, புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியாத ஒருத்தியைத் தொலைந்தவள் என்று எழுதும் இலக்கணத்தில் எழுவாய் மருத்துவமனையாகவும் செயப்படுபொருள் அவளாகவும் இருக்கிறார்கள். எழுவாயை மாற்றிப் படித்தால் தொலைந்தது யார் என்பதும் மாறும்.

விளைவு என்ற சொல்லைப் பிழைத்தல் என்பதோடு நிறுத்தாமல் நீட்டினால் எங்கெல்லாம் போகும் என்று பார்க்கலாம். வாசலையொட்டித் திறந்த வகையில், நல்ல முறையில் அறுவை நடந்த பெண்களில் பெரும்பாலோருக்கு மலம் அடக்கும் கட்டுப்பாடு வந்துவிடுகிறது. ஆனால் மலச்சிக்கல் கூடவே வரும். விட்டால் குடல் பெருத்து, உள்ளாடை கறைபடும். சிலருக்குத் தினமும் எனிமா வைத்துக் குடலைக் கழுவினால்தான் பள்ளிக்குப் போக முடியும். தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளியில் மணம் வீசும் ஒரு சிறுமிக்கு என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். பையனைப் படிக்கவைக்க வீடு போராடும். பெண்ணென்றால் "வீட்டுலயே இருக்கட்டும்".

பூப்புக்குப் பிறகு வேறு கணக்கு தொடங்குகிறது. இந்தக் கோளாறோடு பிறந்த பெண்களில் சிலருக்குக் கருப்பையும் யோனியும் இரட்டையாகவோ அடைபட்டோ இருக்கலாம். மாதவிடாய்க் குருதி உள்ளேயே தேங்கி வயிற்றுவலியாக வரலாம். ஒரே வாசலோடு பிறந்து பெரிய அறுவை கண்டவர்களுக்குப் பிள்ளைப்பேறு அறுவை மூலமே நடக்க வேண்டும் என்று பெரும்பாலான நிபுணர்கள் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொருவரையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இவையெல்லாம் அவளுக்குப் பதின்மூன்று வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டிய செய்திகள். சொல்லப்படுவதில்லை, ஏனென்றால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாயே அறுவையை மறைத்துவிடுகிறாள். தழும்பு எதனால் என்று கேட்கும் மகளுக்கு "குழந்தையில ஒரு கட்டி" என்பது விடை. மறைக்கிற தாயைக் குறை சொல்வது எளிது. கல்யாணச் சந்தையில் கொல்லிப்பாவையைத் தேடி வருகிறவர்களுக்கு முன்னால் அவளுக்கு வேறு எந்தச் சொல் தரப்பட்டிருக்கிறது?

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் போட்ட பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கிறது. எந்த வகைக் கோளாறு, எத்தனை வாசல், எந்தத் தேதியில் எந்த அறுவை, கருப்பை எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. அவளுக்குக் குழந்தை பிறக்கும் நாளில் பிரசவ அறையில் முதலில் கேட்க வேண்டிய தாள் அதுதான். குழந்தைகள் பிரிவில் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுவரைதான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பொது அறுவைப் பிரிவில் நிற்பதா, மகப்பேற்றுப் பிரிவில் நிற்பதா என்று சீட்டு எழுதும் சன்னலில் கேட்டால், "என்ன பிரச்சினைன்னு சொல்லும்மா" என்பார்கள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும்.